முன்னால் போகிறவன்

மதகைத் தாண்டி வளைவில் திரும்பியதும் அவன் இருந்தான். இருப்பான் என்று கமலவேணிக்குத் தெரியும். தெரிந்திருந்தும் வீட்டுக் கேட்டைச் சாத்தும்போதிலிருந்தே, இன்றைக்கு ஒரு நாள் மட்டும் இருக்கக் கூடாது, காய்ச்சலில் படுத்திருக்கட்டும், மில்லுக்கு லீவு விட்டிருக்கட்டும், அவன் வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகியிருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தாள். யாருக்காவது ஏதாவது என்று நினைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு, ஆனால்தான் என்ன என்றும் நினைத்தாள். அதே பச்சை சைக்கிள். மடித்துக் கட்டிய லுங்கி, கழுத்தில் துண்டு, கேரியரில் பழைய ட்யூப்பால் இழுத்துக் கட்டிய சோற்றுத் தூக்குப்போசி. ரோட்டுக்கு இடது பக்கம் வாய்க்கால் கரை தெரியாமல் தளும்பிப் போனது, வலது பக்கம் நாலடிப் பள்ளத்தில் வயல். நடுவில் இருக்கும் தாரில் ஒரு கார் போகலாம், சைக்கிள்காரன் மனசு வைத்து ஓரத்துக்குப் போனால் காரும் சைக்கிளும் போகலாம். அவன் மனசு வைக்க மாட்டான். நட்ட நடுவில், தாருக்கு நூல் பிடித்த மாதிரி, பின்னால் ஒருத்தி உயிரோடு வருகிறாள் என்கிற நினைப்பே இல்லாத மாதிரி, மிதித்துக்கொண்டு போவான். மெயின் ரோடு முக்கு வரை மூன்று கிலோமீட்டர். அவன் மிதியில் பதினெட்டு நிமிஷம். மணி எட்டு ஐம்பத்திரண்டு. ஒன்பதரைக்கு மாவட்டப் பதிவாளர் அவள் பத்திர ஆபீசுக்கு ஆய்வுக்கு வருகிறார், இந்த மாதம் அவள் மூன்று நாள் தாமதம், அதற்கு ஏற்கெனவே ஒரு மெமோ. கமலவேணி இரண்டாவது கியருக்கு வந்தாள், அது உறுமியது, முதல் கியருக்கு இறங்கினாள். கிளட்ச் மிதித்து மிதித்து இடது முழங்கால் எட்டு மாதமாக வீங்கிக்கொண்டிருக்கிறது. அவனுக்கு அடி விழுந்தது ஒரே நாள், இவளுக்குத் தினம் தினம்.

அந்தக் கழுத்தை அவளுக்குத் தன் புருஷன் கழுத்தைவிட நன்றாகத் தெரியும். வெயிலில் கறுத்துச் சுருங்கிய தோல், சட்டைக் காலரில் வேர்வை காய்ந்த வெள்ளைக் கோடு, இடது காதுக்குப் பின்னால் தையல் போட்ட இடத்தில் முடி முளைக்காமல் விட்டுப்போன வழுக்கைக் கீற்று. முதலில் அதைப் பார்க்கும்போது கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். இப்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டேதான் தின்ற இட்லி செரிக்கிறது. வேண்டுமென்றேதான் துண்டைக் கழுத்தோடு விடுகிறான், தலையில் கட்டினால் மறைந்துவிடும், அவளுக்குத் தெரிய வேண்டும் என்றுதான். மாரப்பன் என்று பெயர். நூல் மில்லில் பஞ்சு கூட்டுகிற வேலை. அவள் அவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஸ்டேஷனுக்குப் போனதும் வக்கீலைப் பார்த்ததும் ஆஸ்பத்திரியில் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு நின்றதும் எல்லாம் புருஷன் சிவசண்முகம்தான். நீ வர வேண்டாம், முகத்தைக் காட்டினால் பேச்சு வளரும் என்றார். அவள் ஸ்டேஷன் வாசலில் வேப்ப மரத்தடியில், காருக்குள்ளேயே, கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். பேசி முடித்து வந்தவர், ரொம்ப சாது, சைக்கிளை மட்டும் சரி பண்ணிக் குடுங்கன்னு கேக்கறான், புதுசே வாங்கிக் குடுத்தரலாம் என்றார். அப்படி வாங்கிக் கொடுத்த சைக்கிள்தான் இப்போது முன்னால் போகிறது. பச்சை நிறம் அவர் தேர்ந்தெடுத்தது. அவர் நல்லவர். நல்லவர்கள் செய்துவைக்கிற காரியம் இப்படித்தான் தினமும் பதினெட்டு நிமிஷம் முன்னால் போகும்.

அது நடந்த அன்றைக்கு ஆடிக் காற்று. காற்றில் யாருக்குத்தான் சைக்கிள் ஆடாது. அவன் ஆடினான். லேசாக. இல்லை, லேசாக என்பது அவள் எழுதியது. வாக்குமூலத்தை வக்கீல் எழுதியது பிடிக்காமல் அவளே திருத்தி எழுதினாள். இருபத்திரண்டு வருஷம் பத்திரப் பதிவில் இருந்தவளுக்கு ஒரு சொல் எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாதா? ‘மேற்படி நபர் திடீரென நிலைதடுமாறி வலப்புறமாகச் சாய்ந்ததில், எனது வாகனத்தின் இடப்பக்கக் கண்ணாடி அவரது சைக்கிளின் மீது லேசாக உரசிவிட்டது.’ அழகான வாக்கியம். அதில் அவள் எங்குமே இல்லை. நபர் சாய்ந்தார், கண்ணாடி உரசியது. அதைப் பலமுறை சொல்லிச் சொல்லி, கொழுந்தனார் வீட்டில், ஆபீசில், போனில் மகளிடம், இப்போது கண்ணை மூடினால் அவன் உண்மையிலேயே வலப்புறம் சாய்கிறான். ஆனால் கையை மட்டும் ஏமாற்ற முடியவில்லை. நான்கு தடவை ஹாரன் அடித்தாள். நான்கு தடவையும் அவன் ஒதுங்கவில்லை, திரும்பவும் இல்லை. இவன் யார், ஒரு பஞ்சு கூட்டுகிறவன், என்னை நிறுத்தி வைக்கிறான் என்று காதோரம் சூடேறியது. ஐந்தாவது தடவை ஹாரனுக்குப் போகாமல் கை ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தது. இடிக்க இல்லை. பயம் காட்ட. ஒரு சாண் ஒடித்தால் போதும், அலறி அடித்துக்கொண்டு ஓரத்துக்குப் போவான், அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான். ஒரு சாண். அது ஒன்றரைச் சாணாக ஆகிவிட்டது. கண்ணாடி ஹேண்டில்பாரில் பட்ட சத்தம் லேசாகத்தான் கேட்டது. அது பொய்யில்லை. சத்தம் லேசானதுதான். தலை மதகுக் கல்லில் பட்ட சத்தம்தான் வேறு மாதிரி இருந்தது, அதை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

தெரிந்துதான் செய்கிறான். ஐப்பசியில் அவன் மறுபடியும் வேலைக்கு வர ஆரம்பித்த வாரமே அவளுக்குப் புரிந்துவிட்டது. முன்பெல்லாம் ஓரளவு ஓரமாகவாவது போவான், இப்போது நடுக்கோடு. முதல் நாள் சின்னதாக ஒரு ஹாரன் கொடுத்துப் பார்த்தாள். அவன் முதுகு அசையவில்லை. நடந்து போய்க்கொண்டிருந்த மில்லுப் பெண்கள் இரண்டு பேர்தான் திரும்பி, காரைப் பார்த்து, கார் நம்பரைப் பார்த்தார்கள், ஒருத்தி இன்னொருத்தியிடம் என்னவோ சொன்னாள். அன்றோடு கை ஹாரன் பக்கம் போவதில்லை. அவனிடம் எந்த வம்பும் வேண்டாம் என்று வக்கீலும் சொல்லியிருந்தார். சிவசண்முகத்திடம் சொன்னால், பைபாஸில் போயேன், ஆறு கிலோமீட்டர்தானே கூட என்கிறார். ஏன் போக வேண்டும்? போனால் அவன் ஜெயித்த மாதிரி. ஆபீசுக்குப் போய் இருக்கையில் உட்காரும்போது அந்தப் பதினெட்டு நிமிஷமும் தோள்பட்டையில் அப்படியே கல்லாக உட்கார்ந்திருக்கும். அதை யார் தலையிலாவது இறக்கி வைத்தால்தான் மத்தியானச் சோறு இறங்கும். போன வெள்ளிக்கிழமை ஒரு கிழவனும் கிழவியும், தான பத்திரம், பத்து மணிக்கே வந்து நின்றார்கள். ஆதாரில் ஒரு இனிஷியல், பட்டாவில் வேறு இனிஷியல். பத்தே காலுக்கே அவள் பார்த்துவிட்டாள். உட்காருங்க, கூப்பிடுவாங்க என்றாள். நாலு மணிக்குக் கூப்பிட்டு, இனிஷியல் தப்பு, சரி பண்ணிட்டு வாங்க என்றாள். கிழவி கோபப்படவில்லை, சரிங்க அம்மிணி என்று பையைத் தூக்கிக்கொண்டாள். அந்தக் கோபப்படாத முகம் இந்த முதுகு மாதிரியே இருந்தது. என்ன செய்தாலும் திரும்பாத முதுகு. மணி எட்டு ஐம்பத்தெட்டு. பதிவாளர் ஈரோட்டிலிருந்து கிளம்பியிருப்பார். அவர் வரும்போது தன் நாற்காலி காலியாக இருப்பதை நினைத்தாள். அங்கே போய் நிற்கும்போது, ஒரு சைக்கிள்காரன் சார் என்று சொல்லவா முடியும்? எந்தச் சைக்கிள்காரன் என்று அவர் கேட்பார். மேற்படி நபர்.

பாதி தூரம் வந்திருக்கும். தென்னந்தோப்பு தாண்டி, வாய்க்காலில் இறங்குகிற படித்துறையை ஒட்டி ரோடு கொஞ்சம் அகலமாகிற இடத்துக்குச் சற்று முன்னால், அவன் கால் சட்டென்று வெறுமையாகச் சுற்றியது. செயின் கழன்றுவிட்டது. இறங்கினான். இறங்கியவன் ஓரத்துக்குப் போனானா என்றால் இல்லை, இருந்த இடத்திலேயே ஸ்டாண்டைப் போட்டான், லுங்கியை ஒதுக்கிவிட்டு நடு ரோட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து செயினைப் பிடித்தான். கமலவேணி பத்தடி பின்னால் காரை நிறுத்தினாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் திரும்பவில்லை. ஒரு கார் பின்னால் வந்து உறுமிக்கொண்டு நிற்கிறது, ஒரு மனுஷன் திரும்பிக்கூடவா பார்க்க மாட்டான்? அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணாடியை இறக்கினாள். ஏனுங்க என்றாள். இன்னும் கொஞ்சம் உரக்க, ஏனுங்க, கொஞ்சம் ஓரமா வெச்சுப் பாருங்க என்றாள். அவன் கறுப்பு மையான விரலால் செயினைப் பல் சக்கரத்தில் ஏற்றினான், அது நழுவியது, மறுபடி ஏற்றினான். நழுவட்டும் என்று சாவகாசமாகச் செய்கிற மாதிரி இருந்தது. இப்போது காலை எடுத்துவிட்டால் போதும், கிளட்சிலிருந்து, லேசாக. லேசாக என்ற சொல் தானாக வந்து நின்றது. பத்தடி. உட்கார்ந்திருக்கிறவன் தலை சரியாக பம்பர் உயரத்தில் இருந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது அவளுக்கு உறைத்ததும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, கைப்பிரேக்கை இழுத்து, கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். தன்னிடமிருந்து அவனைக் காப்பாற்றத்தான் இறங்குகிறோம் என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம் அதுவும் கோபமாகிவிட்டது.

அவள் நிழல் அவன் கைமேல் விழுந்தது. அப்போதுதான் அவன் அடித்துப் பிடித்துக்கொண்டு எழுந்தான். எழுந்த வேகத்தில் ஒரு பக்கம் தள்ளாடி, சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். இத்தனை மாதத்தில் அவன் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் அவள் பார்த்ததில்லை. சாதாரண முகம். முன்பல் ஒன்று இல்லை. அவள் எட்டு மாதமாக அந்த முகத்துக்கு ஒரு இளிப்பைப் போட்டு வைத்திருந்தாள், அது இல்லை. அவள் பேசினாள், என்ன பேசினாளோ, எத்தன நேரம் கூப்புடறது, ரோடென்ன உங்க வீடா என்கிற மாதிரி ஏதோ. அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கறுப்பு விரலால் காதைத் தொட்டுக் காட்டினான்.

“கேக்காதுங் அம்மிணி. நீங்க பேசறது தெரியுது, கேக்கறதில்லீங். ஒரு காது மில்லு சத்தத்துலயே போச்சுங். இன்னொண்ணு போன ஆடில உளுந்தனுங், அதோட போச்சு.”

வயலுக்கு அந்தப் பக்கம் இருப்பவனிடம் பேசுகிற மாதிரி உரக்கப் பேசினான். தன் குரல் தனக்குக் கேட்காதவனின் சத்தம். பிறகு அவனாகவே, யாரோ வழிப்போக்கர் கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி, எல்லாம் சொன்னான். ஓரமாகப் போக வேண்டுமென்றுதான் பார்க்கிறானாம், ஓரத்துக்குப் போனால் வாய்க்கால் உள்ளே இழுக்கிற மாதிரித் தலை சுற்றுகிறதாம், நடுவில் போனால்தான் சைக்கிள் நேராக நிற்கிறதாம், பின்னால் வண்டி வந்தால் தெரியாது, பலபேர் வைதுவிட்டுப் போவார்கள், வைவதும் கேட்காது என்று சொல்லிவிட்டுப் பல் இல்லாத இடம் தெரியச் சிரித்தான். அவனுக்கு அவளைத் தெரியவில்லை. காரையும் தெரியவில்லை. அன்றைக்கு அடித்த நான்கு ஹாரனும் இந்த ஆளிடம் பாதிக் காதுக்குத்தான் போயிருக்கின்றன.

“ஒரு அம்மா காருங். பாவம், அவங்க மேல தப்பில்லீங். எனக்கொண்ணும் நெனப்பில்ல. நாந்தே ஆடிப்போட்டனாமா. ஸ்டேசன்ல எழுதியிருந்ததை என்ற சம்சாரம் கேட்டுட்டு வந்து சொன்னா” என்றவன், சம்சாரம் சொன்னபடியே கையை முன்னால் நீட்டி, உள்ளங்கையை நிமிர்த்தி, அதை வலது பக்கம் மெதுவாகச் சாய்த்துக் காட்டினான். கமலவேணி அந்தக் கையைப் பார்த்தாள். அவள் எழுதிய வாக்கியம் கிரீஸ் படிந்த ஒரு கையில் அச்சுப் பிசகாமல் சாய்ந்தது. “அந்தச் சார் தங்கமானவருங். புதுச் சைக்கிளே வாங்கிக் குடுத்துட்டாரு.”

செயின் ஏறிவிட்டது. அவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு, வாய்க்கால் பக்கம் பார்க்காமல் முகத்தை வயல் பக்கம் திருப்பியபடி, பத்துத் தப்படி நடந்து படித்துறை அகலத்தில் ஒதுங்கி நின்று, போங்க போங்க என்று கை காட்டினான். எட்டு மாதத்தில் முதல் தடவையாக ரோடு முழுக்க அவளுடையதாகக் கிடந்தது. மணி ஒன்பது ஐந்து. மிதித்தால் ஒன்பது இருபதுக்குள் போய் உட்கார்ந்துவிடலாம். கமலவேணி காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். அழுகை வரவில்லை, வர வேண்டும் என்று சற்று நேரம் காத்திருந்துகூடப் பார்த்தாள். வந்தது அவமானம்தான். இவன் ஒரு நாள்கூட, ஒரு நிமிஷம்கூட, அவளை நினைக்கவே இல்லை. ராத்திரி புரண்டு படுக்கும்போதெல்லாம் இவன் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பான் என்று நினைத்தாளே, இவன் தூங்கியிருக்கிறான். தினமும் காலையில் இவனோடு ஒரு சண்டை போட்டுக்கொண்டு வந்தாளே, அதில் இவன் இல்லவே இல்லை, ஆளில்லாத ரோட்டில் ஒருத்தி மட்டும் நின்று கையை வீசிக்கொண்டிருந்திருக்கிறாள். மன்னித்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். மன்னிக்கிறவனுக்காவது கொஞ்சம் கோபம் மிச்சம் இருந்திருக்கும். பாவம் என்கிறான். அவங்க மேல தப்பில்லை என்கிறான். அதைச் சொல்ல இவன் யார்? கண்ணாடியை ஏற்றினாள். அவன் இன்னும் கை காட்டிக்கொண்டு நின்றான். அவள் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து தலையை ஆட்டி, நீ போ, நீ முன்னால் போ என்று கையால் காட்டினாள். அவன் தயங்கினான். அவள் மறுபடி காட்டினாள், சிரித்த முகத்தோடு. அவன் நெஞ்சில் கை வைத்துக் கும்பிட்டுவிட்டு ஏறி மிதித்தான்.

இருபதடி போகவிட்டாள். பிறகு உள்ளங்கையை ஹாரனில் வைத்து அழுத்தினாள். எடுக்கவில்லை. வயலிலிருந்து கொக்குகள் எழுந்தன. அவன் கழுத்து அசையவில்லை. இத்தனை நாள் திமிரென்று நினைத்திருந்த அதே அசையாமை இப்போது வேறொன்றாக, கையில் கொடுத்த பொருள் மாதிரி இருந்தது. என்ன வேண்டுமானாலும் செய்யலாம். காருக்குள் சத்தம் நிறைந்து, பல்லில் ஏறி, முழங்கால் வலி அதில் கரைந்து போனது. பம்பரை அவன் பின் சக்கரத்துக்கு ஒரு கஜம் வரை கொண்டுபோனாள், அரைக் கஜம், மட்கார்டில் ஒட்டியிருந்த கடை ஸ்டிக்கரின் எழுத்தைப் படிக்க முடிந்தது. ஆபீசில் இருபத்திரண்டு வருஷம் வாயில் வராத வார்த்தைகளெல்லாம் வந்தன, அவனை, அவன் பெண்டாட்டியை, பச்சை நிறத்தை, சிவசண்முகத்தை. நான்தான் என்றாள். வேணும்னுதான் ஒடிச்சேன் என்றாள். வாய் அசைந்ததே தவிர, அந்தச் சத்தத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை. வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்து, சைக்கிளைப் பார்த்து அரிவாளை ஆட்டிக் கத்தினாள், ஒதுங்கச் சொல்லி. யாரோ தனக்குக் கை காட்டுகிறார்கள் என்று அவன் ஒரு கையை எடுத்து ஆட்டினான். எடுத்ததும் சைக்கிள் வாய்க்கால் பக்கம் இழுத்தது, ஒடிந்தது, நிமிர்ந்தது. கமலவேணியின் கால் பிரேக்குக்குப் போய்விட்டது. கை ஹாரனை விட்டுப் போகவில்லை. விழுந்திருந்தால், என்று நினைத்தாள், இந்தத் தடவை உண்மையிலேயே அவனாகத்தான் விழுந்திருப்பான், வாக்குமூலத்தில் ஒரு எழுத்தைக்கூடத் திருத்த வேண்டியிருந்திருக்காது. ஒன்றரைக் கிலோமீட்டர், ஒன்பது நிமிஷம், அவள் கையை எடுக்கவில்லை.

மெயின் ரோடு முக்கில் டீக்கடை. கடையில் இருந்தவர்கள் எல்லாரும் ரோட்டுக்கு வந்து நின்றிருந்தார்கள், படித்துறை தாண்டும்போதே கேட்டிருக்கும். அவர்களைப் பார்த்த பிறகுதான் அவள் கையை எடுத்தாள். மாரப்பன் முக்கில் இறங்கி, வழக்கம்போல் இரண்டு பக்கமும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். திரும்பியதில் காரைப் பார்த்தான். முகம் மலர்ந்து போய், சைக்கிளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தான். அவள் கண்ணாடியை இறக்கினாள். இத்தனை தூரம் பின்னாலயே பொறுமையா வந்தீங்களே, நல்லா இருப்பீங்க அம்மிணி என்று கடைக்காரர்கள் எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொல்லிவிட்டு, இடது பக்கம் திரும்பி மில்லைப் பார்த்து மிதித்துப் போனான்.

டீக்கடைக்காரர், தலை நரைத்த மனுஷர், தோளில் கிடந்த துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து காருக்கு முன்னால் நின்றார். கோபமாகப் பேசவில்லை. தெரியாமல் செய்துவிட்ட ஒரு பொம்பளைக்கு எடுத்துச் சொல்கிற பதமாகத்தான் சொன்னார்.

“அம்மிணி, அவனுக்குக் காது கேக்காதுங்.”

“தெரியும்” என்றாள் கமலவேணி.

சொல்லிவிட்டு, வலது பக்க இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு வழிக்காகக் காத்திருந்தாள். யாரும் நகரவில்லை.